சீஷெல்ஸ் தீவுகளில் பாட்டியோடு காடும் கடலும்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

நீலவேணி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மகள், மருமகன், பத்து வயதுப் பேத்தி, ஏழு வயதுப் பேரன் இவர்களோடு சீஷெல்ஸ் போய் வந்தேன். எனக்கு வயது 68. இரண்டு முட்டியும் தேய்மானம், கைத்தடி இல்லாமல் இறக்கத்தில் கால் வைக்க மாட்டேன். கிளம்புவதற்கு முன் தேடிப் பார்த்தால் எல்லாமே புதுமணத் தம்பதிகளுக்காக எழுதியதாக இருந்தது. வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து அங்கே இயற்கையைப் பார்ப்பது பற்றித் தமிழில் ஒன்றும் கண்ணில் படவில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன். போனவர்கள் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் கட்சி இதுதான்: குடும்பத்தோடு இயற்கை பார்க்கப் போனால், பாட்டியின் கால் போகும் வேகத்துக்குத்தான் திட்டம் போட வேண்டும். அவருக்காக இரக்கப்பட்டு அல்ல. பிள்ளைகளின் கண்ணுக்கு அந்த வேகம்தான் சரியாக இருக்கிறது. பயண முகவர் கொடுத்த அட்டவணையில் ஒரே நாளில் மூன்று தீவுகள் இருந்தன. மகள் அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று மாற்றினாள்.

பிராஸ்லின் தீவில் இருக்கும் வல்லே டி மே காட்டைச் சொல்கிறேன். 1983-ல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த இடம். மொத்தப் பரப்பே 20 ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு. வேகமாக நடப்பவர்கள் ஒரு சுற்றுச் சுற்றி, கடல் தேங்காய் என்ற இரட்டைத் தேங்காயைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நாங்கள் காலை முழுவதும் உள்ளே இருந்தோம். நான் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால்தான் அந்தக் காடு தெரிகிறது.

கடல் தேங்காய் மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரத்தின் பூங்கதிர் கை நீளத்துக்கு மேல் தொங்குகிறது. பச்சைப் பல்லிகள் அதில் ஏறி இறங்கிப் பூவை நக்கிக்கொண்டே இருந்தன. பெண் மரத்தில் ஒரு காய் முற்ற ஆறேழு வருடம் ஆகுமாம். "அப்போ நான் பொறந்தப்போ வச்ச காய் இப்பதான் விழுமா?" என்று பேரன் கேட்டான். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு காயையும் அண்ணாந்து பார்த்து, இது எத்தனை வயசு, அது எத்தனை வயசு என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று. அந்த மரத்தின் இலை விசிறி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். மழைநீர் மடிப்புகளில் ஓடி, காம்பு வழியாக இறங்கி, நேராக மரத்தின் அடிக்கே போகிறது. வழியில் கிடக்கும் பூந்தாது, பல்லி எச்சம், சருகு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிறது. அங்கே மண் சத்தில்லாதது. தனக்கு வேண்டிய உரத்தை மரம் தன் இலையாலேயே சேகரித்துக்கொள்கிறது. வழிகாட்டி இதைச் சொன்னபோது எங்கள் கண்ணெதிரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கறுப்புக் கிளிக்காக உள்ளே அலைய வேண்டாம். பிராஸ்லினில் மட்டுமே கூடு கட்டும் பறவை அது. காலையிலும் சாயங்காலத்திலும் நுழைவாயில் பக்கத்து மரங்களிலேயே வந்து பழம் தின்கிறது. சீட்டி அடிப்பது போலச் சத்தம் வரும். என்னைப் போன்றவர்கள் வாசலில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

மற்ற தீவுகளைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

மலைநடை எழுதியது:

அருமையான தொடக்கம் அம்மா. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளுக்கு ஏறவும் ஓடவும் வேண்டும். பாட்டி வேகத்துக்குக் கட்டிப்போட்டால் மாஹே தீவின் மலைகள் எல்லாம் விட்டுப்போகும். நாங்கள் போனபோது மாமனார், மாமியார் இருவரையும் விடுதியில் விட்டுவிட்டு கொபோலியா பாறைக்கு ஏறினோம். சுமார் 500 மீட்டர் உயரம், கடைசியில் வெறும் கருங்கல் மொட்டை. அதன் மேல் சீஷெல்ஸுக்கே உரிய குடுவைத் தாவரம் படர்ந்து கிடக்கிறது. பூச்சி விழுந்து கரைவதைப் பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். வேறு எங்கே போய் இதைப் பார்ப்பது?

ஏறும் வழியில் சருகுக்குள் இருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. கார்டினர் தவளை என்று வழிகாட்டி சொன்னார். வளர்ந்த தவளையே ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு நடுக்காது கிடையாது, வாய்க்குழி வழியாகத்தான் கேட்கிறது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். அதைத் தேடிச் சருகைக் கிளற விடவில்லை, காதால் கேட்டதோடு சரி.

இதெல்லாம் பாட்டியோடு முடியுமா? நேரடியாகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீலவேணி எழுதியது:

தப்பே இல்லை தம்பி, கேட்க வேண்டிய கேள்விதான்.

கொபோலியாவுக்கு மகளும் பேத்தியும் போனார்கள். நான் போகவில்லை, போகவும் முடியாது. வேர்களும் கற்களும் செங்குத்தான படிகளும் என்று மகள் வந்து சொன்னாள். அந்த நேரத்தில் நானும் பேரனும் விக்டோரியா தாவரவியல் பூங்காவில் இருந்தோம். 1901-ல் தொடங்கிய பூங்கா. பாதை நன்றாக இருக்கிறது, ஆங்காங்கே உட்கார இடம் இருக்கிறது. அந்த ஊர்ப் பழந்தின்னி வௌவால்கள் பட்டப்பகலில் மரத்துக்கு மரம் பறக்கின்றன. பேரன் ஒரு மரத்தடியை விட்டு வரவே மாட்டேன் என்றான்.

ஆக, ஒரு வேளை பிரிந்து போவதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் எதிர்ப்பது வேறொன்றை. "அம்மா, உங்களுக்கு முடியாது, நீங்க ரூம்லயே இருங்க" என்று காலையில் சொல்லிவிட்டு, எல்லா நாளும் எல்லோரும் கிளம்பிவிடுவது. அவர் அத்தனை தூரம் விமானம் ஏறி வந்தது விடுதிச் சுவரைப் பார்க்கவா? உங்கள் மாமனார், மாமியாரைக் கேட்டுப் பாருங்கள். சும்மா இருந்ததே நன்றாக இருந்தது என்று அவர்கள் மனதாரச் சொன்னால் சரி. "பரவாயில்லப்பா" என்று சொன்னால் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடற்குருவி எழுதியது:

பறவை பார்ப்பவன் என்ற முறையில் கொஞ்சம். கசின் தீவை எப்படியாவது சேர்த்துக்கொள்ளுங்கள். 27 ஹெக்டேர்தான். ஒரு காலத்தில் தென்னந்தோப்பாக இருந்தது. 1968-ல் பறவைகளைக் காப்பதற்காகவே அந்தத் தீவை விலைக்கு வாங்கினார்கள். அப்போது சீஷெல்ஸ் கதிர்க்குருவி உலகத்திலேயே அங்கே மட்டும், 30-க்கும் குறைவாக மிஞ்சியிருந்தது. தென்னையை விலக்கி, பழைய காட்டு மரங்களை வளரவிட்டார்கள். குருவி பெருகியது. அப்புறம் சிலவற்றைப் பிடித்து மற்ற தீவுகளிலும் விட்டார்கள். இன்று 3,000-க்கும் மேல். ஒரு சின்னப் பழுப்பு நிறக் குருவி, பார்க்க ஒன்றும் பெரிய அழகில்லை. ஆனால் அது உயிரோடு இருப்பதே மனிதர்கள் விடாமல் செய்த வேலையால்தான் என்று தெரிந்து பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

அங்கே எலி கிடையாது, பூனை கிடையாது. அதனால் பறவைகளுக்குத் தரையைப் பற்றிப் பயமே இல்லை. வெண்வால் வெப்பமண்டலப் பறவை மரத்தடியில் வேர்களுக்கு நடுவே தரையிலேயே முட்டையிடும். அதற்குக் கால்கள் உடலின் பின்பக்கம் தள்ளி இருப்பதால் நிலத்தில் சரியாக நிற்கக்கூட முடியாது. வெள்ளை ஆலா கூடே கட்டாது. வெறும் கிளையின் மேல் ஒரே ஒரு முட்டையை வைக்கும். பொரிந்து வரும் குஞ்சு நகத்தால் கிளையைப் பற்றிக்கொண்டே வளரும். இதையெல்லாம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, கண் மட்டத்திலேயே இருக்கும். வயதானவர்களுக்கு இதைவிட வசதியான பறவைக் காடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே சிக்கல் இறங்குவது. வெளிப் படகுகளைக் கரைக்கு விட மாட்டார்கள். எலியோ விதையோ ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பதால். கடலிலேயே காவலர்களின் சின்னப் படகுக்கு மாற வேண்டும். அது வேகமாக வந்து மணலில் ஏறி நிற்கும். நீலவேணி அம்மா, நீங்கள் போனீர்களா?

நீலவேணி எழுதியது:

போனேன். பயந்துகொண்டேதான் போனேன். படகு மாறும்போது இரண்டு காவலர்கள் இரண்டு பக்கமும் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். கையைப் பிடித்து இழுக்கவில்லை, அது முக்கியம். கரையேறும் நேரத்தில் குலுக்கல் பலமாக இருக்கும். நான் பின்பக்கமாக உட்கார்ந்து, பக்கவாட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முதுகுத்தண்டில் பிரச்சினை உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். முட்டிவலி மட்டும் என்றால் சமாளிக்கலாம். காலணி நனையும், கைப்பையை உயரத் தூக்கிக்கொள்ள வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள்.

கொசு நிறைய. நீளக்கை சட்டை, முழுக்கால் சட்டை அவசியம்.

பேத்திக்கு அங்கே ஒரு பெரிய பாக்கியம். அழுங்காமை என்ற கடலாமை ஒன்று பகல் வெளிச்சத்தில் கரையேறி வந்தது. மற்ற பல இடங்களில் இந்த ஆமை இருட்டில்தான் முட்டையிட வரும். சீஷெல்ஸில் பகலில் வருகிறது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாய்ப்பு அதிகம். காவலர் எங்களை எல்லாம் பின்னால் குந்த வைத்தார். ஆமை குழி தோண்டும்போது அசையக்கூடாது, முன்பக்கம் போகக்கூடாது, வெளிச்சம் அடிக்கக்கூடாது. என்னால் குந்த முடியாது, ஒரு புன்னை மரத்தைப் பிடித்தபடி நின்றேன். ஓட்டுக்காக இந்த ஆமைகளைக் கொன்று குவித்த காலம் உண்டு, 1994-லிருந்து சட்டம் முழுப் பாதுகாப்புக் கொடுக்கிறது என்று காவலர் மெதுவான குரலில் சொன்னார். இதில் குஞ்சு பொரிந்து வந்தால் அதுவும் பெரிதாகி இந்தப் பக்கமே முட்டையிட வருமா என்று பேத்தி கேட்டாள். வரும், ஆனால் அதற்குள் நீ எனக்குக் கொள்ளுப்பேரன் பெற்றுக் கொடுத்திருப்பாய் என்றேன்.

தாமரைக்கனி எழுதியது:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. என் அம்மாவுக்கு 72. பேரப்பிள்ளைகளை ராட்சத ஆமையின் மேல் உட்கார வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கியூரியஸ் தீவில் ஆமைகள் திறந்தவெளியில் திரிகின்றன என்றார்களே, அங்கே இதற்கு விடுவார்களா? அப்புறம், பாம்பு பயம், மலேரியா பயம் உண்டா?

நீலவேணி எழுதியது:

மலேரியா அங்கே இல்லை. விஷப்பாம்பும் இல்லை. பூரான் பெரிதாக இருக்கும், செருப்பை உதறிப் போட்டுக்கொண்டால் போதும். வழியெங்கும் உள்ளங்கை அளவுக்குக் கால் விரித்த பனைச் சிலந்திகள் வலை கட்டியிருக்கும். பார்த்தால் பதறும், ஒன்றும் செய்யாது.

ஆமை மேல் உட்கார வேண்டாம் மா. காவலர்கள் விடமாட்டார்கள். விட்டாலும் செய்யாதீர்கள். ஓடு என்பது ஆமையின் எலும்புக்கூட்டோடு சேர்ந்தது, அதற்குத் தொடு உணர்ச்சி உண்டு. ஆண் ஆமை 250 கிலோ வரை வரும் என்பதால் தாங்கும் என்று நினைக்கிறோம், அதற்காக அது நம் இருக்கை ஆகிவிடாது.

உங்கள் அம்மாவுக்கு அதைவிட நல்ல படம் ஒன்று சொல்கிறேன். காவலர் அனுமதித்தால் கழுத்தின் அடியில் மெதுவாகத் தடவிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆமை நான்கு காலையும் ஊன்றி எழுந்து, கழுத்தை நீட்டி, கண்ணைச் சொருகிக்கொண்டு நிற்கும். பறவைகள் வந்து உண்ணி பொறுக்க அது இப்படித்தான் இடம் கொடுக்கும். என் பேரன் தடவத் தடவ அது உயர்ந்துகொண்டே போனது. நான் எழுந்து நிற்கும் வேகமும் அதுவும் ஒன்றுதான் என்று அவன் சொன்னான். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

கியூரியஸில் இருப்பவை சீஷெல்ஸின் இன்னொரு தீவான அல்டாப்ராவிலிருந்து 1970-களின் கடைசியில் கொண்டுவந்து விட்ட ஆமைகளும் அவற்றின் வாரிசுகளும். அல்டாப்ராவில் இன்றும் சுமார் ஒரு லட்சம் ஆமைகள் இருக்கின்றன. அது மிகத் தொலைவு, குடும்பப் பயணத்தில் சேராது. கியூரியஸ் பிராஸ்லினிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். ஆமைகள் இருக்கும் கரையிலிருந்து எதிர்க்கரைக்கு ஒரு பாதை போகிறது, நடுவில் அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை. ஓதம் வற்றியிருக்கும்போது போங்கள். சேற்றில் நண்டுகளும் சேற்றுத்தாவி மீன்களும் தெரியும். நான் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து ஆமைகளோடு உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் எதிர்க்கரை வரை போய் வந்தார்கள். அங்கே பழைய மருத்துவர் வீடு ஒன்று இருக்கிறது. தொழுநோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து அந்தத் தீவில் வைத்திருந்த காலத்தது. 1833-ல் தொடங்கி 1965 வரை அப்படி வைத்திருந்தார்கள். பேத்திக்கு மகள் அதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். அழகான தீவில் அப்படியும் ஒரு வாழ்க்கை இருந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

கடற்குருவி எழுதியது:

ஆமை வயது பற்றி ஒரு சேர்க்கை. செயின்ட் ஹெலினா தீவில் வாழும் ஜோனத்தன் என்ற ஆமையும் சீஷெல்ஸிலிருந்து போனதுதான். 1882-ல் அங்கே கொண்டுபோனபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்தது, அதனால் 1832 வாக்கில் பிறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள்.

பவளத்திட்டு எழுதியது:

கடலுக்குள் இறங்கினீர்களா அம்மா? பவளம் எப்படி இருக்கிறது? 1998-ல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது, மாஹே, பிராஸ்லின் போன்ற உள்தீவுகளைச் சுற்றியிருந்ததில் பெரும்பகுதி செத்துவிட்டது. சில இடங்களில் 90 சதவீதத்துக்கும் மேல். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தபோது 2016-ல் மறுபடி வெளுப்பு. விளம்பரப் படங்களை நம்பிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நீலவேணி எழுதியது:

இறங்கினேன் தம்பி. லா டீக் தீவில், சோர்ஸ் தர்ஜான் கடற்கரையில். வெளியே பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம் போல நிற்கிறது. வற்றிய நேரத்தில் முழங்கால் ஆழம்கூட இருக்காது, அப்போது நடப்பதற்கு மட்டும்தான் சரி. ஏற்றம் தொடங்கி இடுப்பளவு வந்ததும், முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு, மருமகன் ஒரு பக்கம் பிடிக்க, குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். நீச்சல் எனக்குத் தெரியாது. தெரியாமலே பார்க்க முடிந்தது.

நீங்கள் சொன்னது உண்மை. செத்த பவளத் துண்டுகள்தான் அதிகம், பாசி பிடித்துக் கிடக்கின்றன. ஆனால் நடுவே உயிருள்ள திட்டுகள் இருந்தன, அவற்றைச் சுற்றித்தான் மீன் கூட்டம் எல்லாம். செத்தது இது, உயிருள்ளது இது என்று மருமகன் பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டினார். அழகை மட்டும் காட்டி மற்றதை மறைப்பதை நான் விரும்பவில்லை. காலில் கடல் காலணி கட்டாயம், கடல் முள்ளெலியும் கல்மீனும் இருக்கும். உயிருள்ள பவளத்தின் மேல் நிற்கக் கூடாது என்பதால் மணல் தெரியும் இடமாகப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். சங்கு, சிப்பி, பவளத்துண்டு எதையும் பைக்குள் போடக் கூடாது. பேரன் ஒரு சங்கை எடுத்தான், அதற்குள்ளிருந்து துறவி நண்டு எட்டிப் பார்த்ததும் தானே கீழே வைத்துவிட்டான்.

அந்தக் கருங்கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நடுக்கடல் தீவுகள் பெரும்பாலும் எரிமலையோ பவளமோதான். சீஷெல்ஸின் உள்தீவுகள் கண்டத்திலிருந்து பிரிந்த துண்டு. சுமார் 75 கோடி ஆண்டுப் பழைய பாறை. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் வெயிலின் சூடு முதுகுக்கு இதமாக இருக்கும்.

அதே தீவின் மறுபக்கம் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரை பார்க்க மிக அழகு. அங்கே தடுப்புத் திட்டு இல்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்றில் உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும். பிள்ளைகளைக் கணுக்கால் தண்ணீரிலும் தனியாக விடாதீர்கள்.

மலைநடை எழுதியது:

லா டீக்கில் எல்லோரும் சைக்கிள்தானே? நீங்கள் எப்படிச் சுற்றினீர்கள்?

நீலவேணி எழுதியது:

பிள்ளைகளும் மகளும் சைக்கிள், நானும் மருமகனும் வாடகை மின்வண்டி. வழியில் வேவ் என்ற சின்னப் பறவைக் காப்பகம் இருக்கிறது, சமதளம். நீளக் கறுப்பு வால் கொண்ட அரசவால் ஈப்பிடிப்பானுக்காகவே வைத்திருக்கும் இடம். பெரிய வாதுமை மரங்களின் நிழலில் உட்கார்ந்துகொண்டோம். ஆண் முழுக் கறுப்பு, பெண் செம்பழுப்பு முதுகும் வெள்ளை வயிறும். முதலில் கண்டுபிடித்தது பேத்தி. இதற்கு நடை தேவையே இல்லை, பொறுமை மட்டும் போதும். முதியவர்கள் உள்ள குடும்பங்கள் இதைத் தவறவிடக் கூடாது.

தாமரைக்கனி எழுதியது:

அம்மாவிடம் ஆமையைத் தடவும் கதையைப் படித்துக் காட்டினேன். மேலே உட்காரும் பேச்சை விட்டுவிட்டார். இப்போது "எனக்கு அது எழுந்து நிற்குமா?" என்று கேட்கிறார்! எந்த மாதம் போகலாம், எந்தத் தீவில் தொடங்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். படகில் அவருக்கு வாந்தி வரும்.

நீலவேணி எழுதியது:

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கட்டாயம் எழுந்து நிற்கும்.

காற்று திசை மாறும் ஏப்ரல், அக்டோபரை ஒட்டிய நாட்களில்தான் கடல் அமைதியாக இருக்கும். வாந்தி வருபவருக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மாஹேயிலிருந்து பிராஸ்லினுக்குப் பெரிய படகில் ஒரு மணி நேரம், தென்கிழக்குக் காற்றில் அது நன்றாக ஆட்டும். கீழ்த்தளத்தில் பின்பக்கமாக உட்கார வையுங்கள். மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஆமை முட்டையிடுவதையும் பார்க்க ஆசை என்றால் அக்டோபர் கடைசி சரியாக இருக்கும்.

விமானம் மாஹேயில்தான் இறங்கும். முதல் நாள் எங்கும் கிளம்ப வேண்டாம். தாவரவியல் பூங்கா மட்டும் போதும், அங்கேயும் தடுப்புக்குள் ராட்சத ஆமைகள் இருக்கின்றன. அப்புறம் பிராஸ்லின் போய் அங்கேயே தங்கிக்கொள்ளுங்கள். வல்லே டி மே, கியூரியஸ், கசின் மூன்றுக்கும் அதுதான் வசதி. ஒவ்வொன்றுக்கும் தனி நாள், நடுவில் ஒரு ஓய்வு நாள். லா டீக் பிராஸ்லினிலிருந்து கால் மணி நேரப் படகுதான், அதைக் கடைசியில் வையுங்கள். கசினுக்கு வார நாட்களின் காலையில்தான் போக முடியும், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதை முதலில் உறுதி செய்துகொண்டு மற்ற நாட்களை அதைச் சுற்றி அமையுங்கள். கடல் தேங்காய் வாங்கி வர ஆசைப்பட்டால் அரசு முத்திரையும் அனுமதிச் சான்றும் உள்ளதை மட்டும் வாங்குங்கள், விமான நிலையத்தில் கேட்பார்கள்.

அம்மாவின் கைத்தடி அடியில் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள். வல்லே டி மே பாதையில் ஈரக் கல் அதிகம், புதிய ரப்பர் போட்டுக்கொண்டு போவது நல்லது.